அயர்லாந்துக் கிராமத்து வீடுகளில் எதைத் தொடக்கூடாது

பராமரிப்பு வேலைக்காக அயர்லாந்து வரும் நம் ஆட்கள் இப்போது டப்ளினோடு நின்றுவிடுவதில்லை, கிளேர், மேயோ, கெர்ரி என்று மேற்குக் கரைக் கிராமங்கள் வரைக்கும் வந்துவிட்டார்கள். ஆளைத் தூக்கிப் படுக்கவைப்பதற்கும், மாத்திரைக் கணக்கு எழுதுவதற்கும், தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வதற்கும் பயிற்சி தருகிறார்கள். ஆனால் எண்பது தொண்ணூறு வயது விவசாயி ஒருவரின் சமையலறைக்குள் நுழைந்தால் எதை எடுத்துப் போடக்கூடாது, எதைப் பாராட்டினால் அவர் முகம் மாறும் என்பதையெல்லாம் எந்தப் பயிற்சியிலும் சொல்வதில்லை. நான் கிளேர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த மக்களின் சகுனங்களையும் விலக்குகளையும் தெரிந்துகொண்ட பிறகுதான் இந்த வேலை எனக்குச் சரியாகக் கைவந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "இதையெல்லாம் நம்புகிறீர்களா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள், மாட்டுக் கணக்கைக் கணினியில் வைத்திருக்கிறவர்கள், எப்படி ஆமாம் என்பார்கள்? ஆனால் அதே ஆளிடம் வயலுக்கு நடுவில் தனியாக நிற்கும் முள்மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். நான் கேட்பது வேறு கேள்வி: "இந்த வீட்டில் நான் தொடக்கூடாதது ஏதாவது இருக்கிறதா?" இதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும், அந்தப் பதிலில் இருந்துதான் மற்ற கதையெல்லாம் வரும்.

அந்த முள்மரம் ஹாத்தார்ன், மே மாதத்தில் வெள்ளை வெளேர் என்று பூக்கும். வேலியில் வரிசையாக நின்றால் அது வெறும் வேலி. வயலில் ஒற்றையாக, யாரும் நடாமல் தானாக முளைத்து நின்றால் அது "அவர்களுடைய" மரம். அவர்கள் என்றால் மண்ணுக்கடியில் வாழ்வதாகச் சொல்லப்படும் இன்னொரு கூட்டம். ஆங்கிலத்தில் ஃபேரி என்று எழுதினாலும், பெரியவர்கள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை, நல்ல ஜனங்கள் என்றோ வெறுமனே அவர்கள் என்றோதான் சொல்வார்கள். சிறகு வைத்த குட்டிப் பெண்களை மனசில் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். இவர்கள் கோபக்காரர்கள், மனிதர்களைப் போலவே மாடு வைத்திருப்பவர்கள், சண்டை போடுபவர்கள்.

கிளேரில் எனிஸ் பக்கம் வந்தால் லட்டூன் என்ற இடத்தில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு முள்மரம் வேலிக்குள் நிற்பதைப் பார்க்கலாம். 1999இல் அந்த வழியாகப் பெரிய சாலை போடத் திட்டமிட்டபோது, மன்ஸ்டர் பகுதியின் நல்ல ஜனங்கள் கொனாக்ட் பகுதிக்காரர்களோடு சண்டைக்குப் போகும் முன் கூடும் இடம் அது, அதை வெட்டினால் அந்தச் சாலையில் சாவு விழும் என்று எட்டி லெனிஹன் என்ற கதைசொல்லி வெளிப்படையாக எச்சரித்தார். செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரைக்கும் போனது. கடைசியில் மரத்தை விட்டுவைத்தே சாலையைப் போட்டார்கள். 2002இல் யாரோ இரவோடு இரவாகக் கிளைகளையெல்லாம் அறுத்துப் போட்டார்கள், அப்புறமும் அது துளிர்த்துவிட்டது.

இதைவிடப் பெரிய விஷயம் வட்டமாக மண்மேடு சூழ்ந்த பழைய இடங்கள், கோட்டை என்பார்கள். நாடு முழுக்க சுமார் 45,000 இருக்கின்றன. ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வது, இவற்றில் பெரும்பாலானவை ஏறக்குறைய ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் விவசாயக் குடும்பங்கள் வாழ்ந்த வீட்டு வளாகங்கள். ஊர்க்காரர்களுக்கு அது நல்ல ஜனங்களின் குடியிருப்பு. அதில் ஏர் ஓட்டினால் மாடு சாகும், கிளையை ஒடித்தால் கை வாதம் வரும் என்ற கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. எனக்கு இதில் உண்மையான மரியாதை இருக்கிறது, ஏனென்றால் சட்டம் வந்து காப்பாற்றுவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே இந்தப் பயம்தான் அத்தனை மண்மேடுகளையும் கலப்பையிடமிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறது. 2017இல் கெர்ரியைச் சேர்ந்த டானி ஹீலி-ரே என்ற நாடாளுமன்ற உறுப்பினர், தன் பகுதிச் சாலை ஒன்று திரும்பத் திரும்ப உள்வாங்குவதற்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கோட்டைகள்தான் காரணம் என்று சொன்னார். எங்கள் ஊர்ப் பக்கம் பெரியவர்கள் யாரும் அதைக் கேட்டுச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே, வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்னால் தனி முள்மரம் ஒன்று வெளிச்சத்தை மறைக்கிறது என்றால், ரம்பத்தை எடுக்காதீர்கள். வீட்டுக்காரரைக் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் கேளுங்கள். சட்டமும் இருக்கிறது: மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் வேலிச் செடிகளை வெட்ட இங்கே பொதுவாகத் தடை. மண்மேட்டு வட்டங்களைச் சேதப்படுத்துவதும் குற்றம்.

அந்த மரத்தின் பூவை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, கொண்டுபோனால் சாவு வரும் என்பார்கள். இதற்குப் பின்னால் ஒரு வேதியியல் காரணமும் இருக்கிறது. ஹாத்தார்ன் பூவில் டிரைமெத்திலமின் என்ற பொருள் இருக்கிறது, சதை அழுகும்போதும் அதே பொருள்தான் உண்டாகிறது. இறந்தவரை வீட்டிலேயே கிடத்தி வைத்த ஒரு ஊரில் அந்த வாசனை எதை நினைவுபடுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நோயாளிக்குப் பூ வாங்கிப்போக ஆசைப்பட்டால் கடையில் வாங்குங்கள், அதிலும் சிவப்பும் வெள்ளையும் மட்டும் கலந்த கொத்து வேண்டாம். ரத்தமும் கட்டுத்துணியும் என்று பழைய நர்சுகள் இன்னும் அதை வார்டுக்குள் விட விரும்புவதில்லை.

இந்த விலக்குகள் எல்லாம் தாறுமாறாக இருப்பதாகத்தான் ஆரம்பத்தில் தோன்றும். கொஞ்ச நாள் காது கொடுத்துக் கேட்டால் ஒரு கணக்கு புரியும். இந்த ஊர்களில் அதிர்ஷ்டம் என்பது ஒரு அளவோடு இருக்கிற சொத்து. அது ஒரு வீட்டில் கூடினால் இன்னொரு வீட்டில் குறையும், வாசல் வழியாக வெளியே போகும், யாராவது எடுத்துக்கொண்டும் போகலாம்.

மே மாதம் முதல் தேதி இதற்கு நல்ல உதாரணம். அன்று பாலோ, நெருப்போ, உப்போ, வெண்ணெயோ வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. சாம்பலைக் கொட்டக் கூடாது, வீட்டைப் பெருக்கிக் குப்பையை வாசல் வழியாகத் தள்ளக் கூடாது. முந்தின நாள் மாலையே வாசற்படியிலும் ஜன்னல் விளிம்பிலும் மஞ்சள் பூக்களைத் தூவிவைப்பார்கள். ஏன் அந்தத் தேதி? குளிர்காலம் முடிந்து, புதுப் புல் வந்து, மாடுகள் நிறையப் பால் கொடுக்கத் தொடங்கும் நேரம் அது. ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த குடும்பங்களுக்கு வெண்ணெய் விற்ற காசுதான் நிலத்துக்கு வாடகை, அந்த வெண்ணெய்தான் கார்க் நகரத்துச் சந்தை வழியாக உலகம் முழுக்கக் கப்பலேறியது. மாடு வற்றிவிட்டால், கடைந்த பாலில் வெண்ணெய் திரளாவிட்டால், வாடகை கட்ட முடியாது, நிலமே போய்விடும். அப்படி ஒரு நிலைமையில் அன்று காலையில் நெருப்புக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக் கிழவியைச் சந்தேகப்படுவது எவ்வளவு சுலபம்! பெரும்பாலும் அப்படிச் சந்தேகத்துக்கு ஆளானவர்கள் தனியாக வாழ்ந்த ஏழை விதவைகள்தான். இந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். வெண்ணெய் திரளாததற்குப் பாலின் சூடும் பாத்திரச் சுத்தமுமே காரணமாக இருந்திருக்கலாம், பழி மட்டும் ஒரு பெண் மேல் விழுந்தது.

இன்னும் அழுத்தமானது பிஷோக், அதாவது செய்வினை. முட்டையையோ இறைச்சித் துண்டையோ அடுத்தவர் வைக்கோலுக்குள்ளோ உருளைக்கிழங்கு வரப்பிலோ ஒளித்துவைத்தால், அது அழுக அழுக அவர் அதிர்ஷ்டமும் அழுகும், வைத்தவருக்கு வளரும் என்ற நம்பிக்கை. கண்டுபிடித்தால் கையால் தொடாமல் மண்வெட்டியில் ஏந்தி எரித்துவிடுவார்கள், பாதிரியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிப்பார்கள். கோழி வைக்கோலில் முட்டையிடுவது சாதாரணம்தான், ஆனாலும் கொட்டகையில் முட்டை கண்ணில் பட்டால் நீங்களாக எடுத்து உள்ளே கொண்டுபோகாதீர்கள், வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

அதிர்ஷ்டம் அளவானது என்பதால், அதைப் பங்கு போட்டுக்கொள்ளவும் வழக்கம் வைத்திருக்கிறார்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மாட்டுச் சந்தையில் விலை பேசி முடிந்ததும் விற்றவர் கொஞ்சம் பணத்தை வாங்கியவருக்கே திருப்பிக் கொடுப்பார், அதற்கு லக் பென்னி என்று பெயர். நான் ஒரு பெரியவரிடம் பழைய கார் வாங்கியபோது பணத்தை எண்ணி முடித்துவிட்டு 20 யூரோவை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். இப்படி நடந்தால் வேண்டாம் என்று மறுக்காதீர்கள், நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எதையாவது விற்றாலும் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள், ஊரில் உங்கள் பெயர் அதனாலேயே நல்லபடியாகப் பரவும்.

கண்ணேறு நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே குழந்தையையோ கன்றையோ பாராட்டினால் கூடவே "காட் பிளெஸ் ஹிம்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்தால் "காட் பிளெஸ் த வொர்க்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றப் பேச்சு. பழைய காலத்தில் வெண்ணெய் கடையும் வீட்டுக்குள் நுழைந்தவர் தானும் ஒரு கை கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும், சும்மா நின்று பார்த்துவிட்டுப் போனால் ராசியை எடுத்துக்கொண்டு போகிறார் என்று அர்த்தம். நம் சுற்றிப்போடும் வழக்கத்தைப் பற்றி ஒரு பாட்டியிடம் சொன்னபோது அவர் மிளகாயையும் உப்பையும் பற்றி அவ்வளவு கேள்வி கேட்டார், குளிக்க மாட்டேன் என்று தினமும் அடம்பிடிப்பவர் அன்று பேசிக்கொண்டே குளித்து முடித்தார்.

சுத்தம் செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. கதவுக்கு மேல் கோரைப்புல்லில் பின்னிய, காய்ந்து பழுப்பேறிய சிலுவை இருந்தால் அது குப்பை இல்லை, புனித பிரிஜித்தின் சிலுவை. வீட்டைத் தீயிலிருந்து காக்கும் என்று பிப்ரவரி 1ஆம் தேதியை ஒட்டிப் புதிதாகப் பின்னி மாட்டுவார்கள். அந்த நாளுக்கு 2023 முதல் அரசு விடுமுறையும் வந்துவிட்டது. ஜனவரி 31 இரவு வெளியே புதரிலோ ஜன்னலிலோ ஒரு துண்டுத் துணி தொங்கினால் மழையில் நனைகிறதே என்று உள்ளே எடுத்துவந்துவிடாதீர்கள், அது புனித பிரிஜித் கடந்துபோகும்போது ஆசீர்வதிப்பதற்காகப் போட்டது, வருடம் முழுக்கத் தலைவலிக்குத் தலையில் கட்டிக்கொள்வார்கள். அலமாரியில் கழுத்து உடைந்து ஒட்டப்பட்ட குழந்தை இயேசு சிலை இருக்கும், பிராகாவின் குழந்தை என்பார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் அதை வெளியே வேலியடியில் வைத்தால் மழை பெய்யாது, தலை தானாக உடைந்திருந்தால் இன்னும் விசேஷம். உடைந்த சிலை என்று தூக்கி எறிந்தால் அந்த வீட்டில் அப்புறம் உங்களுக்கு மதிப்பிருக்காது. புதுச் செருப்பை மேசைமேல் வைக்காதீர்கள். வழியில் கிடக்கும் சீப்பை எடுக்காதீர்கள், அது சாவுக்கு முன் அழுகிற பான்ஷீ என்ற பெண் ஆவியின் சீப்பாக இருக்கலாம் என்பார்கள்.

காரில் யாரையாவது மருத்துவரிடம் அழைத்துப்போகும்போது ஒற்றை மேக்பை பறவையைப் பார்த்தால் அவர்கள் கையைத் தூக்கி வணக்கம் வைப்பார்கள், ஒன்று துக்கம், இரண்டு சந்தோஷம் என்று கணக்கு. நானும் வைக்கிறேன். இந்தப் பறவையே 17ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான் வெக்ஸ்ஃபோர்ட் பக்கம் முதலில் வந்து இறங்கியது என்பது எனக்கு ஆச்சரியமான தகவல், அவ்வளவு பிந்தி வந்த பறவை இவ்வளவு பழைய சகுனமாகத் தெரிகிறது.

ஆண்களோடு பேச்சைத் தொடங்க விளையாட்டுச் சாபங்கள் போதும். மேயோ கால்பந்து அணி 1951இல் கோப்பை வென்று திரும்பும்போது ஃபாக்ஸ்ஃபோர்டில் ஒரு சவ ஊர்வலத்துக்கு மரியாதை காட்டாமல் போனதாகவும், அந்த அணியில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை மேயோ மறுபடி வெல்லாது என்று ஒரு பாதிரியார் சபித்ததாகவும் கதை. கடைசியாக உயிரோடு இருந்த வீரரும் 2021இல் காலமாகிவிட்டார். கிளேர்க்காரர்களிடம் பிடி ஏர்லியைப் பற்றிக் கேளுங்கள். ஃபீக்கிள் பக்கத்தில் நீலக் கண்ணாடிப் புட்டி ஒன்றை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்த்த பெண்மணி. மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஹர்லிங் விளையாட்டில் 1914க்குப் பிறகு கிளேர் அணி தேசியக் கோப்பையை வெல்லாமல் போனதற்கு அவர் சாபமே காரணம் என்றார்கள், 1995இல் அது தீர்ந்தது. இந்த விளையாட்டுகளை நடத்தும் சங்கம் தொடங்கியது 1884இல், பிடி ஏர்லி இறந்தது அதற்கும் முன்னால்! ஆனாலும் அவரை ஊர் இன்னும் மறக்கவில்லை, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவரை மந்திரக்காரி என்று பாதிரியார்கள் விரட்டியதையும் மறக்கவில்லை.

சாவு நேரத்தில்தான் இந்த அறிவு அதிகம் உதவும். உயிர் பிரிந்ததும் ஜன்னலைத் திறக்க வேண்டும், ஆத்மா வெளியேற வழி வேண்டும். மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் கூட நர்சுகள் இதைச் செய்கிறார்கள், யாரும் சொல்லாமலே. கடிகாரத்தை நிறுத்துவார்கள், கண்ணாடியைத் துணியால் மூடுவார்கள். உடலைத் தனியாக விடமாட்டார்கள், இரவெல்லாம் அக்கம்பக்கத்தார் தேநீரோடும் சாண்ட்விச்சோடும் உட்கார்ந்திருப்பார்கள். மன்ஸ்டர் பகுதியில் திங்கட்கிழமை புதுக்குழி வெட்டக் கூடாது. திங்கட்கிழமை அடக்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமையே போய் ஒரு பிடி மண்ணையாவது புரட்டி வைத்துவிடுவார்கள், வேலை நேற்றே தொடங்கிவிட்டது என்று கணக்கு. சனிப்பிணம் துணை தேடும் என்று வளர்ந்த எனக்கு இது அந்நியமாகவே தோன்றவில்லை. நீங்கள் பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் குடும்பத்தாரிடம் மெதுவாகக் கேளுங்கள்: "ஜன்னலைத் திறக்கட்டுமா?" அந்த ஒரு கேள்விக்காக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு.

ஒரு இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, அது உடம்பு சம்பந்தப்பட்டது. இந்த ஊர்களில் "க்யூர்" வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஏழாவது மகனுக்குப் படர்தாமரையைத் தீர்க்கும் கை, அப்பாவைப் பார்க்காமலே பிறந்தவருக்குக் குழந்தையின் வாய்ப்புண்ணை ஊதித் தீர்க்கும் வரம், இன்னொருவருக்குத் தீக்காயம், இன்னொருவருக்கு அக்கி. பணம் வாங்க மாட்டார்கள், நன்றி சொல்லவும் கூடாது, சொன்னால் பலிக்காது. நான் இதைத் தடுப்பதில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் இதற்கென்றே வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துப் பேசுவது தனியாக வாழ்கிறவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் அக்கிக்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் வந்து மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அதனால் க்யூர் பார்ப்பவருக்கு ஃபோன் போடும் அன்றே மருத்துவருக்கும் போடச் சொல்வேன், இரண்டும் ஒன்றாக நடக்கட்டும். "அவரிடம் போகாதீர்கள்" என்று சொன்னால் அடுத்த முறை கொப்புளத்தை நம்மிடம் காட்டவே மாட்டார்கள்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால் பிரிஜெட் கிளியரி. டிப்பரரி மாவட்டத்தில் பாலிவாட்லியா என்ற ஊர், 1895 மார்ச். வயது இருபத்தாறு, தையல் தொழில் செய்து சொந்தமாகச் சம்பாதித்த பெண். காய்ச்சலில் படுத்தார். இது என் மனைவி இல்லை, அவளை நல்ல ஜனங்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டு இந்த மாற்று உருவத்தை வைத்திருக்கிறார்கள் என்று கணவன் மைக்கேல் கிளியரி சொன்னான். மூலிகைச் சாறு புகட்டினார்கள், நெருப்பைக் காட்டி மிரட்டினார்கள், சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள், கடைசியில் கணவன் அவரை எரித்தே கொன்றுவிட்டான். அவனுக்கு இருபது வருடத் தண்டனை கிடைத்தது. அந்த வீட்டுக்கு மருத்துவரும் வந்தார், பாதிரியாரும் வந்தார், அப்படியும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. நினைவு மங்கிய நோயாளியைப் பார்த்து, "இது எங்கள் அம்மாவே இல்லை" என்று பிள்ளைகள் அழுவதை இந்த வேலையில் கேட்கிறோம். துக்கத்தில் சொல்வதுதான். ஆனாலும் அப்படிக் கேட்கும்போதெல்லாம் நான் அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து நோயைப் பற்றி விளக்கமாகப் பேசுகிறேன், அம்மாவைத் தனியாக விட்டுப்போகும் நேரத்தையும் குறைக்கப் பார்க்கிறேன்.

கடைசியாக, இந்த வேலைக்கு வருகிற எல்லோருக்கும் நான் சொல்லும் ஒரு உபாயம். 1937 முதல் 1939 வரை அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கதைகளையும் வைத்தியங்களையும் சகுனங்களையும் எழுதிவரச் செய்தார்கள். ஏறக்குறைய 5,000 பள்ளிகள், லட்சக்கணக்கான பக்கங்கள். பெரும்பகுதி இப்போது டூகஸ் என்ற இணையதளத்தில் பிள்ளைகளின் கையெழுத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது, மாவட்டம், பள்ளி, ஊர் என்று தேடலாம். புது வீட்டுக்குப் போவதற்கு முதல் நாள் இரவு அந்த ஊர்ப் பெயரைப் போட்டு இரண்டு மூன்று பக்கம் படித்துவிட்டுப் போங்கள். முடிந்தால் டேப்லெட்டில் பெரிய எழுத்தாக வைத்து அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள், சில சமயம் எழுதிய பிள்ளை அவர்களுடைய அக்காவாகவோ சித்தப்பாவாகவோ இருக்கும். மாத்திரையை அதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், படிக்க ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது.